ஒன்பது பேருக்கு ஒரு வண்டி

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். ஆனால் வாங்கினால் ஒன்பது பேர் உட்காரக்கூடிய வண்டியைத்தான் வாங்குவேன் என்று அப்பா அரை வருஷம் புனே முழுக்கச் சுற்றினார். அவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து நானும் சுற்றினேன். அப்போது எனக்குப் பதினொரு வயது.

மீதி ஆறு பேர் சாங்வியில் இருந்தார்கள். பெரியப்பா, பெரியம்மா, அக்கா, அக்காவுக்குக் கீழே மூன்று பையன்கள். அக்கா என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். அதற்கு முன்பு அவர்கள் கட்கியில், எங்கள் ஃபாக்டரி குவார்ட்டர்ஸிலேயே, எதிர் வாசலில் குடியிருந்தார்கள். திருச்சியிலிருந்து முதலில் வந்து ஃபாக்டரியில் சேர்ந்தவர் பெரியப்பாதான். அப்பாவை வரவழைத்து வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். பல வருஷம் அண்ணனும் தம்பியும் இரண்டு சைக்கிளில் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே காலை ஷிஃப்டுக்குப் போவார்கள். பின்னால் வருகிறவர்கள் மணியடித்துக் களைத்துப் போவார்கள் என்று அம்மா சொல்வாள். பிறகு பெரியப்பா ஒரு தனியார் கம்பெனிக்கு மாறினார். சாங்வியில் ஃபிளாட் வாங்கினார். ஒரு லாரி வந்தது, சாமான்களை ஏற்றிக்கொண்டு போனது. எதிர் வாசலில் குழந்தை இல்லாத ஒரு மராத்திக் குடும்பம் வந்து சேர்ந்தது. அந்த வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும்.

கட்கியிலிருந்து ஔந்த் வழியாகப் போய் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் சாங்வி. ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் வாரம் ஒருமுறை என்று இருந்தது மாதம் ஒருமுறை ஆனது. பிறகு பண்டிகைக்குப் பண்டிகை என்று ஆனது. எனக்குப் பள்ளியில் பேசுவதற்கென்று யாரும் கிடையாது. என்னால் போய் ஒருவரிடம் பேச்சைத் தொடங்க முடியாது. அக்கா இருந்தவரை அவள்தான் தொடங்குவாள், நான் கூட நிற்பேன். அவள் போன பிறகு மாலை வேளைகளில் படிக்கட்டில் உட்கார்ந்து எதிர்க் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்தப் பிரிவுக்கெல்லாம் காரணம் போக்குவரத்துதான் என்று அப்பா முடிவு செய்தார். ஒரு குடும்பம் ஸ்கூட்டரில் போகலாம். இரண்டு குடும்பம் எப்படிப் போகும்? பெரிய வண்டி ஒன்று இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாருமாகப் போகலாம், வரலாம். பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுக்கலாம் என்று விசாரித்துவிட்டு வந்தவர், அன்று சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார்.

“ஒன்பது பேரு எப்ப ஒண்ணா போயிருக்கோம், ஒன்பது பேருக்கு வண்டி வாங்க?” என்று கேட்டாள் அம்மா.

“வண்டி இருந்தா போவோம்ல.”

“மூணு பேருக்குச் சின்னதா ஒண்ணு வாங்குங்க. வந்தா நெருக்கி உக்காந்துக்கலாம்.”

“நெருக்கி உக்காந்துட்டுப் போக இது என்ன ஆறு சீட்டு டம்டமா?” என்றார் அப்பா. டம்டம் என்பது புனேயில் ஓடிய மூக்கு நீண்ட ஷேர் ஆட்டோ. அதோடு அம்மா பேச்சை விட்டுவிட்டாள். நான் மனதுக்குள் அப்பாவின் கட்சியில் இருந்தேன். பெரிய வண்டி வந்தால் அக்கா என் பக்கத்தில் உட்காருவாள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஃபாக்டரியில் அப்பாவுக்கு அளவு பார்க்கும் வேலை. செய்து வருகிற உருப்படிகளைக் கேஜ் என்கிற அளவுக் கருவியில் விட்டுப் பார்த்து, சரியாக இருப்பதை ஒரு பக்கமும் சரியில்லாததை இன்னொரு பக்கமும் வைப்பார். நாள் முழுக்க அதையே செய்துவிட்டு வருகிறவருக்கு, உலகத்தில் எதையும் அளக்காமல் முடிவு செய்யக் கூடாது என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. காய்கறிக் கடையில் முருங்கைக்காயைக் கூட முழங்கையோடு வைத்து நீளம் பார்ப்பார்.

அந்த வருஷப் பொங்கலுக்குச் சாங்வி போயிருந்தோம். ஹாலில் சுவரோரமாக எல்லாரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பரிமாறுகிற சாக்கில் அப்பா மட்டும் உட்காரவில்லை. பெரியம்மாவையும் அம்மாவையும் வலுக்கட்டாயமாக உட்கார வைத்துவிட்டு, ரசச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடந்தார். என்றைக்கும் இல்லாமல் தம்பி நமக்குப் பரிமாறுகிறாரே என்று பெரியம்மாவுக்கு ஒரே பெருமை. அப்பா வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பதைக் கவனித்தது நான் ஒருத்திதான். தரையில் பதித்திருந்த டைல்ஸை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு டைல் பத்து அங்குலம். பெரியம்மா ஒன்றே முக்கால் டைல். பெரியப்பா ஒன்றரை. கடைக்குட்டிப் பையன் முக்கால்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது தச்சுக்கடையிலிருந்து மெல்லிய ரீப்பர் கட்டை வாங்கி வந்தார். அதை அறுத்து ஒன்பது குச்சிகளாக்கினார். ஒவ்வொரு குச்சியும் ஒரு ஆள் உட்காரத் தேவையான அகலம். முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நீலப் பென்சிலால் ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து எழுதினார். வண்டி பார்க்கப் போகிற இடத்தில் சீட்டின்மேல் இந்தக் குச்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் போதும், ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த திருப்தியை அதற்குப் பிறகு அதிகம் பார்த்ததில்லை.

குச்சிக் கட்டு என் பொறுப்பு. ரப்பர் பேண்டு போட்டு என் பள்ளிப் பையிலேயே வைத்திருப்பேன். வீட்டில் யாரும் இல்லாத சாயங்காலங்களில் அதைப் பிரித்துக் கட்டிலின்மேல் வைப்பேன். என் குச்சியும் அக்காவின் குச்சியும் ஏறக்குறைய ஒரே நீளம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, அன்று பள்ளியில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஞாயிறு தோறும் கிளம்புவோம். அப்பாவின் ஹிந்தி வொர்க்‌ஷாப்பில் கற்றது. சலேகா என்றால் சரி, நஹி சலேகா என்றால் சரிப்படாது; இந்த இரண்டு வார்த்தையில் அங்கே எல்லா வேலையும் நடந்துவிடும். மராத்தி சுத்தமாக வராது. எனக்குப் பள்ளியில் படித்த மராத்தி இருந்தது. எனக்காகப் பேசத்தான் வெட்கம். அப்பாவுக்காகப் பேசும்போது அது என் பேச்சு இல்லை என்பதால் வார்த்தைகள் தாராளமாக வந்தன.

முதலில் பார்த்தது ஔந்தில் ஒரு அம்பாசிடர். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு காகாவுடையது. வயதில் பெரியவர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். சீட்டின்மேல் வெள்ளைத் துண்டு விரித்து, அம்மிக்கல்லைப்போலக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். அதைத் துணியில் சுற்றி வண்டியின் உடம்பு முழுக்க ஒட்டிப் பார்ப்பார். அடிபட்ட இடத்தில் பூசி மெழுகிப் பெயிண்ட் அடித்திருந்தால் காந்தம் ஒட்டாது. இந்த வண்டியில் எல்லா இடத்திலும் ஒட்டியது. எஞ்சின் ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தார், புகையைப் பார்த்தார், எல்லாம் சரி. பிறகு என்னிடமிருந்து குச்சிகளை வாங்கி முன்சீட்டிலும் பின்சீட்டிலும் அடுக்கினார். ஏழு குச்சிகள் ஏறின. என்னுடையதும் கடைக்குட்டிப் பையனுடையதும் அவர் கையில் மிஞ்சின.

காகா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “ஹே காய் ஆஹே?” என்று என்னிடம் கேட்டார். இது என்ன என்கிறார். நான் மராத்தியில் விளக்கினேன். இது எங்கள் பெரியப்பா, இது பெரியம்மா, இது அக்கா. அவர் சிரிக்கவில்லை. அந்த ஆறு பேரும் எங்கே என்று கேட்டார். சாங்வியில் என்றேன். வண்டி வாங்குவது அவர்களுக்குத் தெரியுமா என்றார். வாங்கிய பிறகு சொல்லுவோம் என்றேன்.

“பாளா, குழந்தே, வர்றவங்களை முதல்ல கேட்டுக்கச் சொல்லு உன் அப்பாகிட்ட. அப்புறம் வண்டி வாங்கலாம்,” என்றார் மராத்தியில்.

“என்ன சொல்றாரு?” என்று அப்பா கேட்டார்.

“வெலை கொறைக்க மாட்டாராம்,” என்றேன்.

அப்பாவிடம் பொய் சொன்னது அதுதான் முதல்முறை. கேட்டால் ஒருவேளை அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று எனக்கு ஏனோ தோன்றியது. அப்பாவுக்கு அது தோன்றவே இல்லை. ஒன்பது பேரையும் குச்சியாக வெட்டிய பிறகு அவர்கள் வருவார்களா என்பது ஒரு கேள்வியாகவே அவருக்குப் படவில்லை.

அதற்குப் பிறகு நிறைய வண்டிகள். காஸர்வாடியில் ஒரு தரகர் நீளமான ஜீப் ஒன்றைக் காட்டினார். ஒன்பது குச்சிகளும் ஏறின. ஆனால் காந்தம் பொத் பொத்தென்று கீழே விழுந்தது. காந்தத்தில்தான் கோளாறு என்றார் தரகர். அப்பா ஜீப்பின் படியைப் பார்த்துவிட்டு, அண்ணியால் இவ்வளவு உயரம் காலைத் தூக்கி வைக்க முடியாது என்று என்னிடம் தமிழில் சொன்னார். குச்சியில் உயரம் தெரியாதே என்று அன்று முழுக்க அவருக்கு வருத்தம். இன்னொரு இடத்தில் குச்சிகளைப் பார்த்த மெக்கானிக் ஒருவன், “காகா, வண்டி பாக்க வந்தீங்களா, பந்தல் போட வந்தீங்களா?” என்று ஹிந்தியில் கேட்டான். கூட நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா பொறுமையாகக் குச்சிகளைப் பொறுக்கி, எண்ணி, ரப்பர் பேண்டு போட்டு என்னிடம் கொடுத்தார்.

மே மாத விடுமுறையில் என்னை இரண்டு நாள் சாங்வியில் விட்டார்கள். நான் ஆசையாகப் போனேன். ஆனால் அக்காவுக்கு அந்தக் கட்டிடத்திலேயே நான்கு சிநேகிதிகள் இருந்தார்கள். அவர்கள் வேகமாக மராத்தியில் பேசிக்கொண்டு கீழே ஸ்கிப்பிங் ஆடினார்கள். நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். அக்கா தமிழில் பேசுவதும் குறைந்திருந்தது. பேசினாலும் பாதி வாக்கியத்தில் மராத்திக்குப் போய்விடுவாள். என்னிடம் அவளுக்குக் காட்ட ஒன்றுமே இல்லை. அப்பா யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்த ஒன்றைத் தவிர.

இரண்டாம் நாள் மத்தியானம் பையிலிருந்து குச்சிக் கட்டை எடுத்துக் காட்டினேன். இதெல்லாம் நாம்தான் என்றேன். இது நீ, இது நான். அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் கண் விரிந்தது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவள் என்னை மட்டும் பார்த்தாள். அந்தக் குச்சிகளிலேயே நீளமானதை உருவி எடுத்தாள்.

“ஏ, இது யாரு?”

“பெரியம்மா,” என்றேன்.

அவள் அதைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடியே சமையலறைக்கு ஓடினாள். “ஆயி, பக் நா, இங்க பாரேன், இதுதான் நீயாம். சித்தப்பா உன்னை அளந்து வச்சிருக்காரு.” அவர்கள் வீட்டில் அப்போது அம்மாவை ஆயி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

நானும் பின்னாலேயே போனேன். பெரியம்மா அந்தக் குச்சியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோளுக்கு நேராக ஒருதரம் வைத்துப் பார்த்தாள். எப்போது அளந்தார் என்று கேட்டாள். பொங்கலுக்குச் சாப்பிடும்போது என்று சொன்னேன். அடுப்பைத் தணித்துவிட்டு என்னிடம் அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

“பத்திரமா வச்சுக்கடி. உங்க அப்பா தேடுவாரு,” என்றாள். அன்று ராத்திரி எனக்குப் பிடிக்கும் என்று ரவா கேசரிகூடச் செய்தாள். அதனால் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

ஜூன் கடைசியில் வண்டி கிடைத்தது. நிக்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த டீசல் வேன். ஓட்டியவர் ஊரோடு போவதால் விற்கிறார். பழைய வண்டிதான். கதவை இரண்டு முறை சாத்தினால்தான் சாத்தும். ஆனால் காந்தம் ஒட்டியது. படி தாழ்வாக இருந்தது. முன்னால் இரண்டு, நடுவில் மூன்று, பின்னால் நான்கு என்று ஒன்பது குச்சிகளும் அச்சில் வார்த்ததுபோல உட்கார்ந்தன. நடுச்சீட்டில் பெரியம்மாவின் குச்சிக்கு இரண்டு பக்கமும் ஒரு விரல்கடை இடம்கூட மிஞ்சியது. அப்பா வெகு நேரம் கதவுக்கு வெளியே நின்று அந்தக் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறைந்த வண்டியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்.

வாடகை வண்டி என்றிருந்ததைச் சொந்த வண்டி என்று மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நாலைந்து நடை நடந்தார். பி.எஃப். பணத்தில் ஒரு ரூபாய் மிஞ்சவில்லை. வண்டி குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்ற முதல் வாரம் நான் பள்ளி விட்டு வந்ததும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். பின்சீட்டின் முதுகில் முன்பு வந்த பிள்ளைகள் காம்பஸ் முனையால் தங்கள் பெயர்களைக் கீறி வைத்திருந்தார்கள். ஸ்வப்னில், அஸ்வினி, திரும்பவும் அஸ்வினி. அந்த அஸ்வினி எப்படி இருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அவள் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், அவளும் அவர்களும் சேர்ந்துதான் கீறியிருப்பார்கள் என்று தோன்றும்.

அப்பா டெலிபோன் பூத்துக்குப் போய்ச் சாங்விக்குப் பேசினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தயாராக இருங்கள், கடக்வாஸ்லா அணைக்குப் போகிறோம், நம் வண்டியிலேயே போகிறோம் என்றார். பெரியப்பா அங்கிருந்து, வா வா, நானும் ஒரு விஷயம் வைத்திருக்கிறேன், நேரில் சொல்கிறேன் என்றாராம். என்ன விஷயமாக இருக்கும் என்று அப்பா திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தார். பழையபடி கட்கிப் பக்கமே வீடு பார்க்கிறாரோ என்றுகூட ஒருதரம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா விடியற்காலையிலேயே எழுந்து ஒன்பது பேருக்குப் புளிச்சாதம் கிளறி எடுத்து வைத்திருந்தாள். வண்டியில் ஏறும்போது அம்மா முன்சீட்டுக் கதவைத் திறந்தாள்.

“அது அண்ணன் எடம்,” என்றார் அப்பா. “இப்பவே அவங்கவங்க எடத்துல உக்காந்துக்குங்க. அங்க போயி எறங்கி ஏறிக்கிட்டு இருக்க வேணாம்.”

அம்மா நடுச்சீட்டுக்குப் போனாள். நான் கடைசிச் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் கையை வைத்துக்கொண்டேன். அப்பா ஏதோ கேட்டார். என் காதில் விழவில்லை. அம்மா திரும்பி என்னிடம் கத்திச் சொன்னாள். பிறகு, “மூணு பேரும் மூணு ஊர்ல இருக்கற மாதிரி இருக்கு,” என்றாள்.

சாங்வியில் கட்டிடத்துக்குக் கீழே வேனை நிறுத்தினோம். அங்கே ஒரு சின்னக் கார் நின்றுகொண்டிருந்தது. புத்தம் புதுசு. சீட்டிலிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. முன்பக்கம் ஒரு சாமந்தி மாலை மழையில் நனைந்துகொண்டிருந்தது. பையன்கள் மூவரும் அதைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா இறங்கி வந்தார். அவர் சொல்ல வேண்டிய விஷயம் அதுதான். கம்பெனியில் கடன் கொடுத்தார்களாம்.

“நல்லாருக்குண்ணே. ரொம்ப நல்லாருக்கு,” என்றார் அப்பா. காந்தத்தை எடுக்கவில்லை. கையால் மட்டும் ஒருதரம் தடவிப் பார்த்தார். பிறகு எங்கள் வேனின் முன்சீட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். “வாங்கண்ணே. இன்னிக்கு இதுல போவோம்.”

“டேய், புது வண்டிடா. பசங்க ரெண்டு நாளா தூங்கல. நீ முன்னால போ. நான் பின்னாலயே வர்றேன்.”

“பசங்களும் இதுல வரட்டும். எல்லாருக்கும் எடம் இருக்குண்ணே.”

அப்போதுதான் பெரியம்மா படியிறங்கி வந்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

“எடம் இருக்கும்னு எனக்குத் தெரியும் தம்பி,” என்றாள். “எனக்குன்னு தனியா குச்சியே வெட்டி வச்சிருக்கீங்களாமே. என்னத்துக்கு உங்களுக்குச் செரமம்? நாங்க இந்தச் சின்ன வண்டியிலயே அடங்கிக்கிறோம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பெரியப்பாவும், சும்மா இரு என்று சொல்வதுபோலச் சிரித்தார். அப்பா சிரிக்க முயன்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கேஜில் நுழையாத உருப்படியைத் திரும்ப ஒருதரம் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெரியப்பா அந்தக் கதவைத் தானே மெல்லச் சாத்தினார். அது சாத்தவில்லை. இன்னொருமுறை அழுத்திச் சாத்தினார்.

அம்மா நடுச்சீட்டிலிருந்து இறங்கி, “நான் முன்னால வரட்டா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“இருக்கட்டும், அங்கயே உக்காரு,” என்றார் அப்பா. “நடுவுல அண்ணன் வண்டி மாறி வந்தாலும் வருவாரு.”

பல்கலைக்கழக நாற்சந்தி வரை நாங்கள் முன்னால் போனோம். பிறகு அந்தச் சின்னக் கார் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. தாண்டும்போது பையன்கள் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்கள். அப்பா என்னைத் திட்டியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன். அவர் ஒன்றும் சொல்லாததால் அந்தக் கடைசிச் சீட்டில் கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மழைக்கு ஜன்னலை ஏற்றியிருந்ததால் உள்ளே டீசல் வாடை.

சிங்ஹகட் சாலையில் ஒரு டீக்கடை ஓரமாகச் சின்னக் கார் நின்றிருந்தது. அப்பாவும் நிறுத்தினார். பெரியவர்கள் டீ குடித்தார்கள். அப்பா மறுபடி ஒருமுறை, இனிமேல் ரோடு மோசம், பையன்கள் இரண்டு பேரையாவது வேனில் ஏற்றிவிடுங்கள் என்று கேட்டார். இருக்கட்டும்டா, இன்னும் கொஞ்ச தூரம்தானே என்றார் பெரியப்பா. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று டீயை ஊதிக் குடித்தார்கள். பேச்சு வரவில்லை.

அக்கா காரின் பின் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். “ஏ, நீ இங்க வா. அங்க தனியா என்ன பண்ற? ஜாகா ஆஹே.” இடம் இருக்கிறது என்கிறாள். ஒரு தம்பியைத் தள்ளி மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் பக்கத்தில் ஒரு சாண் இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் டீக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“போறியா?” என்றார்.

நான் அக்கா தட்டிக் காட்டிய இடத்தைப் பார்த்தேன்.

“போ,” என்றார்.

நான் ஓடினேன். மழைக்குத்தான் ஓடினேன் என்று அப்பா நினைத்திருக்கலாம். உள்ளே ஏறியதும் கதவு ஒரே தள்ளில் சாத்திக்கொண்டது. புது பிளாஸ்டிக் வாசனை. ஒரு தம்பியின் முழங்கை என் விலாவில் குத்தியது. அக்காவின் தோளும் என் தோளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. அசைய இடமில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் எந்த வண்டியிலும் போனதில்லை. அக்கா மடியிலிருந்தவனை நகர்த்திவிட்டுச் சீட்டின்மேல் முட்டி போட்டுப் பின்பக்கம் திரும்பினாள். நானும் திரும்பினேன். பின் கண்ணாடியில் எங்கள் மூச்சுக்காற்று படிந்திருந்ததைக் கையால் துடைத்தோம்.

பின்னால் எங்கள் வேன் வந்துகொண்டிருந்தது. இவ்வளவு பெரியதா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வெளியிலிருந்து அது ஓடிப் பார்த்ததே இல்லை. அப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. அதற்குப் பின்னால், உள்ளே தள்ளி, அம்மாவின் முகம் பாதி தெரிந்தது. நான் கை காட்டினேன். வைப்பர் குறுக்கே போய் வந்துகொண்டிருந்ததால் அவர்கள் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

“ஏ, சித்தப்பாவைப் பாரேன்,” என்றாள் அக்கா. “அசல் டிரைவர் மாதிரியே இருக்காரு. முன்னால டிரைவர், பின்னால மேடம்.”

பையன்கள் சிரித்தார்கள். முன்னால் பெரியம்மா, சீ, அப்படிச் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எல்லாரோடும் சேர்ந்து நான் சிரித்து வெகு காலம் ஆகியிருந்தது. கொஞ்சம் பலமாகவே சிரித்துவிட்டேன்.

பெரியப்பா சிரிக்கவில்லை. மேலே இருந்த கண்ணாடியில் பின்னால் வந்த வேனை ஒருமுறை பார்த்தார். உடனே கண்ணை எடுத்துக்கொண்டார். பிறகு அந்தக் கண்ணாடியை விரலால் தள்ளி வேறு பக்கம் திருப்பிவிட்டு, ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். கார் விர்ரென்று கிளம்பியது. பெரியம்மா, மெதுவாப் போங்க, சின்னவனுக்குக் கொமட்டும் என்றாள். அவர் மெதுவாகப் போகவில்லை.

புது வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று எனக்குக் காட்டுகிறார் என்று நினைத்தேன். வேறு எதற்காக ஒருவர் அப்படிப் போவார் என்று எனக்கு அப்போது தெரியாது. “இன்னும் வேகமா, பெரியப்பா,” என்று கத்தினேன். பையன்களும் அக்காவும் என்னோடு சேர்ந்து கத்தினார்கள். பின் கண்ணாடியில் எங்கள் வேன் சின்னதாகிக்கொண்டே போய், ஒரு லாரிக்குப் பின்னால் மறைந்தது.